மாஸ்டரம்மாவின் மூக்கும் புதினாவும்

பஸ் டிப்போ கான்டீனில் சமையல் பார்ப்பவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பெயர் மாஸ்டர். அந்த இடத்துக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்தபோது டிரைவர்களுக்கு நாக்கு புரளவில்லை. கொஞ்ச நாள் "ஏங்க", "இந்தாங்க" என்று காலம் தள்ளினார்கள். பிறகு ஒருவர் தட்டைத் தட்டிக்கொண்டே, "மாஸ்டரம்மா, இன்னொரு ஆம்லெட்!" என்று குரல் கொடுத்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அந்த அட்டை வீட்டில் எந்த டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

மாஸ்டரம்மாவின் காலும் மூக்கும் பேர் போனவை.

கால் ஒரு இடத்தில் தங்காது. டீ குடிப்பதுகூட நடந்துகொண்டேதான். உட்கார் என்றால் உட்காருவாள். ஆனால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். எந்த அவசரத்துக்கும் அசையாத மனுஷன். யாராவது வீட்டுக்கு வந்து ஃபேன் போடச் சொன்னால், "எதுக்கு? அவ இப்ப குறுக்க வருவா, காத்து தானா அடிக்கும்" என்பார்.

மூக்கு அதைவிடப் பெரிய சங்கதி. கான்டீன் வாசலில் நின்றபடியே உள்ளே நாலாவது அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்வாள். பிடித்துவிட்டது என்று அல்ல, பிடிக்கப் போகிறது என்று. எண்ணெய் டின்னைத் திறந்து மூடுவதற்குள் பழசா புதுசா என்று சொல்லிவிடுவாள். காய்கறி கொண்டு வருகிறவன் அவள் எதிரில் மூட்டையைப் பிரிக்கவே பயப்படுவான். "அம்மா, மூக்குகிட்ட கொண்டு போகாதீங்க, கீழ வச்சே பாருங்க" என்று கெஞ்சுவான்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். படுத்தாள், கஷாயம் குடித்தாள், மாத்திரை விழுங்கினாள், எழுந்தாள். உடம்பு தேறியதும் மறுநாளே வேலைக்கு ஓடினாள்.

அன்று காலை பெரிய வாணலியில் எண்ணெய் ஊற்றி வெங்காயத்தைக் கொட்டினாள். சடசடவென்று சத்தம் வந்தது. ஓரங்கள் சிவந்தன. ஆனால் என்னவோ குறைந்தது. கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். காற்றோடு போயிருக்கும் என்று நினைத்து, வாணலிக்கு மேல் முகத்தைக் கொண்டுபோனாள். ஆவி அடித்துக் கண்ணில் நீர் வந்தது. வாசனை மட்டும் வரவில்லை.

"ஆமை, இந்த வெங்காயம் எப்ப வந்தது?" என்றாள்.

ஆமை என்பது காய் நறுக்குகிறவள். கையில் கத்தியை எடுத்தால் நிதானமாகத்தான் வெட்டுவாள். ஆனால் இத்தனை வருஷத்தில் விரலை வெட்டிக்கொண்டதே இல்லை. அதனால் வந்த பெயர். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

"நேத்துதான்கா வந்தது. ஏன், சரியில்லையா? இங்க வரைக்கும் கமகமன்னு வருதே."

 மாஸ்டரம்மா கரண்டியை எடுத்துக் கிளறினாள். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து மோந்தாள். தும்மல் வந்தது, அவ்வளவுதான். சோப்பு, வினிகர், கை துடைக்கிற துணி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடியை மோந்த மாதிரி இருந்தது.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. மூக்கு இல்லாத சமையல்காரியும் கண் இல்லாத டிரைவரும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. கான்டீன் கான்ட்ராக்டர் காதில் விழுந்தால் அடுத்த நாளே வேறு ஆள் வந்து நிற்பான். அதுகூடப் பரவாயில்லை. இத்தனை நாள் மூக்கை வைத்தே அதிகாரம் பண்ணியவள், இப்போது அதே மூக்கு போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வாள்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை ஆரம்பமானது. வெங்காயத்தை நிறம் பார்த்து இறக்கினாள். பால் பாத்திரத்தின் பக்கத்தை விட்டு அசையவில்லை. முக்கியமாக ஆமையின் முகத்தைப் பார்த்தாள். ஆமையின் மூக்கு கொஞ்சம் விரிந்தால் மணக்கிறது என்று அர்த்தம். புருவம் சுருங்கினால் தீய்கிறது என்று அர்த்தம். ஒருநாள் ஆமைக்குப் பல்வலி. முகம் காலையிலிருந்து சுருங்கியே இருந்தது. மாஸ்டரம்மா அடுப்பு அடுப்பாக ஓடி எல்லாவற்றையும் அரைவேக்காட்டில் இறக்கிவிட்டாள். சோறு கல்லாக இருக்கிறது என்று அன்று டிப்போ முழுக்கச் சண்டை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. படுக்கப் போகும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். போய்ப் படுப்பாள். மறுபடி எழுந்து வருவாள். திருகியது போதாதோ என்று இன்னும் திருகுவாள்; காலையில் மகளால் அதைத் திறக்க முடியாது. கேஸ் கசிந்தால் தனக்குத் தெரியாதே என்ற எண்ணம் அவளை ஆணியாகக் குடைந்தது. மகளிடம் விளையாட்டுக்குக் கேட்பது மாதிரி, "இப்ப என்ன வாசனை வருது, சொல்லு பாக்கலாம்" என்பாள்.

"ஒண்ணும் வரலையேம்மா."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"வாசனையை எப்படிம்மா யோசிக்கிறது?" மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் அம்மாவை ஏற இறங்கப் பார்ப்பாள்.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து புகைந்தது. மகள் ஓடி வந்து அணைத்தாள். "பக்கத்துலயே நிக்கிற! வாசல் வரைக்கும் நாத்தம் வருது!"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்று மென்று விழுங்கினாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் இருந்தது. துணி துவைக்கிற கல், தண்ணீர்க் குழாய், மதிலோரம் ஒரு கை அகல மண். முற்றத்தின் மறுபக்கத்து அறையில் எலக்ட்ரீஷியனின் தங்கை இருந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவள். மாஸ்டரம்மாவுக்கு நாத்தனார்; வாயாடி; ஆனால் பாசக்காரி. சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு, வெறும் தண்டுகளைக் குழாயடி மண்ணில் எறிவது அவள் வழக்கம். அந்தத் தண்டுகள் சும்மா இருக்கவில்லை. சொட்டுகிற தண்ணீரைக் குடித்துக் கணுவுக்குக் கணு வேர்விட்டு, துளிர்விட்டு, மதில் நிழலில் ஒரு சின்னப் பச்சைக் கூட்டமாக எழுந்துவிட்டன.

மாஸ்டரம்மா துணி அலசப் போனபோது அதைக் கண்டாள். இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் மூக்குக்குக் கொண்டுபோகிற பழக்கம். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள்.

ஜில்லென்று ஏதோ ஒன்று மூக்குக்குள் ஏறியது.

அவள் அப்படியே நின்றாள். அவள் நிற்பதே அபூர்வம். இன்னொரு இலை. அதே ஜில். மூக்கின் அடியிலிருந்து நெற்றி வரை ஒரு குளிர்ந்த கோடு. ஈரத் துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு, கைகளை மூக்கில் பொத்திக்கொண்டு முற்றத்தில் இங்கும் அங்குமாக நடந்தாள். வந்துவிட்டது, மூக்கு வந்துவிட்டது!

அன்றே அந்த மண்ணைக் கொத்திக் கிளறினாள். தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் களைந்து, வரிசையாகச் சாய்த்து நட்டாள். ஓட்டை வாளி, உடைந்த வாஷ்பேசின், வீட்டுக்காரர் ஒயர் வைத்திருந்த மரப்பெட்டி, எல்லாவற்றிலும் மண் நிரப்பிப் புதினா வைத்தாள்.

"என் ஒயர் எங்க?" என்றார் அவர்.

"கட்டிலுக்கு அடியில. செடி முக்கியமா, ஒயர் முக்கியமா?"

எலக்ட்ரீஷியனுக்கு ஒயர்தான் முக்கியம். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

புதினா கேட்டது ஈரமும் கொஞ்சம் நிழலும்தான். கொடுத்தால் பேய் மாதிரி வளர்ந்தது. நுனியைக் கிள்ளக் கிள்ள இரண்டாகக் கிளைத்தது. மண்ணுக்கு அடியிலேயே தண்டை ஓடவிட்டு, யாரும் எதிர்பாராத இடத்தில் தலையை நீட்டியது. துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் வந்தது. நாத்தனாரின் வாசல்படி ஓரத்தில் வந்தது. காலையில் எழுந்ததும் மாஸ்டரம்மா முதலில் போவது அங்கேதான். கசக்குவாள், முகர்வாள், ஜில்லென்று ஏறும். நேற்றைவிட இன்று கூடுதலா? கூடுதல்தான் என்று அடித்துச் சொல்லிக்கொள்வாள். மற்ற வாசனைகள் இன்னும் வரவில்லையே என்று மனது கேட்கும். பின்னால் வரும் என்று அதை அடக்குவாள்.

வீடு புதினா வீடானது. டீயில் புதினா, குடிக்கிற தண்ணீரில் புதினா, குளிக்கிற வாளியில் புதினா. நிழலில் காயவைத்த இலைகள் செய்தித்தாள் மேல் கூடம் முழுக்கக் கிடந்தன. மகள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

"அம்மா, நம்ம வீடு டூத்பேஸ்ட் கம்பெனி மாதிரி இருக்கு."

"அவ்வளவு மணக்குதா?" என்றாள் மாஸ்டரம்மா ஆசையாக.

"மணக்குதாவா? கடையில என்னைப் பாத்தாலே இருமல் மருந்து கேக்கிறாங்க."

நாத்தனாரோ, "தண்டு என்னுது, மறந்துடாதீங்க அண்ணி. செடியில பாதி எனக்கு" என்று உரிமை கொண்டாடினாள். தண்ணீர் ஊற்றுவதிலும் போட்டி. இவள் காலையில் ஊற்றினால் அவள் மாலையில் ஊற்றினாள்.

வெயில் காலம் வந்தது. பஸ் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து வெந்து வரும் டிரைவர்களுக்காக மாஸ்டரம்மா கான்டீனில் ஒன்று ஆரம்பித்தாள். வீட்டுப் புதினாவை இடித்துச் சாறு எடுத்து, எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, ஐஸ் தட்டிப் பெரிய அண்டாவில் கலக்கிவைத்தாள். முதல்நாளே அண்டா காலி. ஹாரன் என்று பட்டப்பெயர் வாங்கிய டிரைவர் ஒருவர் இருந்தார். மெதுவாகப் பேசத் தெரியாதவர். "மாஸ்டரம்மா! இதைக் குடிச்சா வண்டி தானா ஓடுது!" என்று ஷெட் வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

அவளுக்குத் தலை நிமிர்ந்தது. ஆமையின் முகத்தைப் பார்ப்பதை விட்டாள். என் மூக்கு எனக்குப் போதும் என்று துணிந்தாள். ஆனால் கால் மட்டும் முன்பைவிட வேகமாக நடந்தது. நிம்மதி வந்தவள் நடையாக அது இல்லை.

புதிய பஸ்களைப் பார்வையிட மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று டிப்போ அல்லோலகல்லோலப்பட்டது. வந்ததும் முதலில் புதினா எலுமிச்சை கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். அன்று காலை மாஸ்டரம்மா கத்தரிக்கோலோடு முற்றத்துக்குப் போய், நன்றாகத் தழைத்த பக்கமாகப் பார்த்து ஒரு பெரிய கட்டு வெட்டினாள். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். ஜில். பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பின்னால் போனார். முன்சீட்டுப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல் மூக்கை மூடிக்கொண்டாள். கூட்ட நேரத்தில் இரண்டு பேர் சீட்டில் தனியாக உட்கார்ந்து வருகிற அதிர்ஷ்டம் தனக்கு வாய்த்ததே என்று மாஸ்டரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கான்டீனில் அன்று மீன் வறுவல். பின்கட்டில் கூடை கூடையாக மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுப்படி முழுக்க மீன் நெடி. அந்த நெடியில் மற்றொன்று கலந்தது யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டரம்மா இலையை அலசினாள், இடித்தாள், பிழிந்தாள், கலக்கினாள். ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். புளிப்பு சரி, இனிப்பு சரி, குளிர்ச்சி பிரமாதம். தட்டில் தம்ளர்களை அடுக்கி அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

அதிகாரிகளில் மூத்தவர் ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்தார். இன்னொருவர் குடித்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் தம்ளரை முகர்ந்துவிட்டு வெளுத்துப்போனார்.

"என்னம்மா இது?"

"புதினா எலுமிச்சை சார். தினமும் போடறதுதான்."

"மோந்து பாரும்மா."

அவள் எல்லோர் முன்னாலும் முகர்ந்தாள். ஜில்லென்று ஏறியது. "நல்லாத்தானே சார் இருக்கு!" என்றாள்.

 ஓரமாக ஒரு தம்ளரை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்ட ஹாரன்தான் பேசினார். வழக்கம்போல் அவருக்கு மெதுவாக வரவில்லை. "மாஸ்டரம்மா! இதுல செத்த மீன் நீந்துதே! அழுகின மீன்!"

வெளியே டிரைவர்கள் சிரித்தார்கள். அவள் மறுபடியும் முகர்ந்தாள். பின்னால் வந்து நின்ற ஆமையைப் பார்த்தாள். ஆமையின் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாஸ்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரார் மூக்குடைபட்டது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்கு அது நிஜமாகவே நடந்தது.

தட்டை அப்படியே ஆமையின் கையில் கொடுத்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பஸ் ஏறக்கூடத் தோன்றவில்லை.

முற்றத்தில் நாத்தனார் வாளியும் கையுமாக நின்றாள். "என்ன அண்ணி, இந்நேரத்துக்கே? பாத்தீங்களா செடியை? இலை வெளுக்குதேன்னு நேத்து சாயங்காலம் நல்ல வைத்தியம் பண்ணியிருக்கேன். மீன் கழிவை வெல்லம் போட்டு ஊறவச்சு, வடிகட்டித் தெளிச்சேன். துணி தைக்கக் குடுக்க வந்த அம்மா சொன்னாங்க. நாத்தம் குடலைப் புரட்டும், ஆனா செடிக்கு அமிர்தமாம். ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் யாராவது போவாங்களா? அதான் உங்ககிட்ட சொல்லக்கூட இல்லை."

மாஸ்டரம்மா புதினாப் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் காலையில வெட்டிட்டுப் போனேன்."

"இதையா? இந்த நாத்தத்தோடயா?" நாத்தனார் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணி சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. வாளியைக் கீழே வைத்தாள். "அண்ணி... உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலை."

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

 நாத்தனார் உள்ளே போய்க் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள். காபித்தூள், மெஷின் எண்ணெய், பூண்டு, சோப்பு. மாஸ்டரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்; இல்லை, இல்லை, இல்லை. பிறகு ஒன்று ஜில்லென்றது. "இது! இது புதினா!" என்று கண்ணைத் திறந்தாள். நாத்தனார் கையில் இருந்தது தலைவலித் தைலம்.

மகள்தான் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.  படிக்கட்டு ஏறும்போது, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பால் தீஞ்ச அன்னைக்கு உன்னை எவ்வளவு திட்டினேன்" என்றாள். 

காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்குக் கட்டிய தலையோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாசனையை எடுத்துட்டுப் போறது ஒரு நரம்பு. எரிச்சல், குளிர்ச்சி இதெல்லாம் வேற நரம்பு. மிளகாய் நெடிக்குத் தும்மறீங்க, வெங்காயத்துக்குக் கண்ணுல தண்ணி வருதுல்ல? அதே மாதிரிதான். புதினாவுல உங்களுக்குத் தெரிஞ்சது குளிர்ச்சிம்மா, வாசனை இல்லை."

"அப்ப ஒண்ணும் திரும்பி வரலையா?"

"இன்னும் வரலை. தினமும் சில வாசனைகளை எடுத்து, இது இன்னதுன்னு மனசுல நினைச்சுக்கிட்டே மோந்து பாருங்க. பல பேருக்குத் திரும்ப வருது. எப்பன்னு சொல்ல முடியாது. பொறுமை வேணும்."

இருக்கிறதை எல்லாம் விட்டுவிட்டு இல்லாத ஒன்றைக் கேட்கிறாரே என்று மாஸ்டரம்மா நினைத்தாள்.

கான்ட்ராக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. தாடையைத் தடவிக்கொண்டே யோசித்து, "கொஞ்ச நாள் டோக்கன் கவுண்டர்ல உக்காருங்க" என்றார். அது அவளுக்குச் சிறைத்தண்டனை. ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல், அதற்குள் இவள். உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டி ஆட்டி ஸ்டூலின் ஆணியே கழன்றது. டோக்கன் கொடுக்கிற சாக்கில் எழுந்துபோய் அடுப்படியை எட்டிப் பார்ப்பாள். புதிதாக வந்த மாஸ்டர் சோற்றைக் குழைத்தார். பருப்பைத் தண்ணீராக விட்டார். அவருக்கு மூக்கு இருந்தது, கை இல்லை. ஹாரன் தட்டோடு வந்து ஜன்னலில் இடித்தார்.

"மாஸ்டரம்மா! மீன் வாசனை வந்தாலும் பரவாயில்லை, நீங்களே வந்து ஆக்குங்க!"

கடைசியில் வழி சொன்னவள் ஆமை. கான்ட்ராக்டர் முன்னால் போய் நின்று, வழக்கம்போல் நிதானமாக, "அக்கா கை, என் மூக்கு. சேர்த்து வச்சுக்கோங்களேன்" என்றாள்.

அப்படித்தான் நடந்தது. ஆனால் சுலபமாக நடக்கவில்லை. வாசனையை வார்த்தையில் சொல்ல ஆமைக்கு வரவில்லை.

"என்ன வாசனை வருது?"

"நல்லா வருதுக்கா."

"நல்லான்னா? பச்சையா, வதங்கிடுச்சா, சிவந்துடுச்சா?"

"அது... வெங்காய வாசனை."

"வெங்காயத்துல வெங்காய வாசனை வராம ரோஜாப்பூ வாசனையா வரும்?"

ஆமை கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வாள். இவள் பின்னாலேயே போய்ச் சமாதானம் பண்ணுவாள். அதற்குள் அடுப்பில் ஏதாவது கருகும். போகப்போக ஆமை தன் பாணியில் ஒரு பாஷை கண்டுபிடித்தாள். "கண்ணைக் கரிக்குது", "தொண்டைக்கு இதமா இருக்கு", "பசி எடுக்குதுக்கா, இறக்கிடு" என்பாள். இந்தப் பசி எடுக்கிற கணக்கு ஒருநாளும் தப்பவில்லை.

வீட்டில் புதினாவின் பக்கம் மாஸ்டரம்மா போகவில்லை. ஏமாற்றிய ஆளைத் தெருவில் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாத்தனார்தான் விடவில்லை. டாக்டர் சொன்னபடி காபித்தூள், எலுமிச்சைத் தோல், சோப்பு, புதினா என்று காலையும் மாலையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்துட்டு ஓடுங்க அண்ணி, உங்களை யாரு பிடிச்சு வைக்கப் போறா."

பல மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, நாத்தனார் நீட்டிய புதினாவை முகர்ந்த மாஸ்டரம்மா அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ரப்பர் கருகுகிற நாற்றம். டயரைக் கொளுத்தினால் வருமே, அது. "மறுபடியும் என்னத்தைத் தெளிச்சே?"

"சத்தியமா தண்ணியைத் தவிர ஒண்ணும் இல்லை அண்ணி!"

அவள் நம்பவில்லை. வேறு வாளியிலிருந்து பறித்தாள். அதுவும் ரப்பர். உடைந்த வாஷ்பேசினில் இருந்தது, அதுவும். இத்தனை நாள் எதுவும் இல்லாமல் கிடந்த மூக்கில் முதன்முதலாக வந்து உட்கார்ந்தது இந்தக் கண்றாவி என்பதை அவளால் தாங்க முடியவில்லை. குனிந்தாள். பாத்தியைக் கைக்கு அகப்பட்டபடி பிடுங்கினாள். வேரோடு, மண்ணோடு, மதில் மேல் அடித்தாள். வாளிகளைக் கவிழ்த்தாள். நகத்துக்குள் மண் ஏறியது. கையெல்லாம் அந்த நாற்றம். குழாயைத் திறந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வீட்டுக்காரர் பின்வாசலில் வந்து நின்று பார்த்தார். காலியான மரப்பெட்டியை எடுத்துத் தட்டித் துடைத்து உள்ளே கொண்டுபோனார்.

டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது நல்ல செய்திம்மா. நரம்பு திரும்ப வளருது. வளரும்போது தப்புத் தப்பா இணைச்சுக்கும். முதல்ல நாறும். அப்புறம்தான் மணக்கும்."

"எத்தனை நாள் நாறும் சார்?"

அவர் கையை விரித்தார்.

பிடுங்கிப் போட்டதோடு புதினா போய்விடவில்லை. மண்ணுக்கு அடியில் அறுந்த துண்டுகள் கிடந்தன. ஒரு மழை பெய்ததும் குழாயடியில் தலைநீட்டின. நாத்தனார் ஒரு வரிசையை ஒழுங்குபடுத்தி, "இது என் பாதி" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு ஒரு காலை மாஸ்டரம்மா வழக்கம்போல் வேகவேகமாக டிப்போ கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். முதல் வண்டிகள் கிளம்புகிற நேரம். ஒரு பஸ்ஸின் பின்னால் போகும்போது ஏதோ ஒன்று அவளை இழுத்து நிறுத்தியது. என்னவென்று முதலில் விளங்கவில்லை. கனமாக, எண்ணெய்ப் பிசுக்காக, கொஞ்சம் கசப்பாக வந்தது. அடுத்த கணம் புரிந்தது. டீசல். அசல் டீசல். ரப்பரும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. டீசல் டீசலாகவே வந்தது.

அவள் பஸ்ஸின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். மூச்சை இழுத்தாள். இருமினாள். மறுபடி இழுத்தாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலையை வெளியே நீட்டினார். ஹாரன்தான். "மாஸ்டரம்மா! ரிவர்ஸ் எடுக்கணும், தள்ளுங்க! அங்க என்ன மோந்துட்டு நிக்கிறீங்க, பூக்கடையா?"

"ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணாதீங்க!" என்று கையை உயர்த்தினாள். கண்ணில் நீர் வழிந்தது. புகையால்தான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவர் ஒன்றும் புரியாமல் எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருந்தார்; கிளம்பக் காத்திருந்த மற்ற வண்டிகள் சத்தம் போட்டன.

கான்டீனுக்குள் ஓடி ஆமையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஆமை மெதுவாகத் திரும்பி, முகர்ந்து, "என்னக்கா, உன் மேல டீசல் வாடை?" என்றாள்.

"ஆமாம்டி! ஆமாம்!"

எல்லாம் வந்துவிடவில்லை. எலுமிச்சை வந்தது. பால் தீய்வது வந்தது, ஆனால் பல நாட்களில் தீயாதபோதும் வந்தது. பாத்திரத்தை இறக்கிப் பார்த்து ஏமாறுவாள். வெங்காயம் இன்னும் அரைகுறை. அதனால் ஆமையின் பசியை அவள் கைவிடவில்லை. வெயில் காலத்தில் மறுபடி அண்டா வைத்தார்கள். புதினாவை வெட்டித் தருவது நாத்தனார், முகர்ந்து பார்ப்பது ஆமை, கலக்குவது இவள். டிரைவர்கள் குடித்துவிட்டு ஆகா என்றார்கள். அவளுக்கு அது இன்றும் லேசாக ரப்பர்தான். ஆனால் சில நாள் காலையில், ரப்பருக்கு அடியில், இலையாக ஏதோ ஒன்று எட்டிப் பார்ப்பது போல் இருக்கும். நிஜமா பிரமையா என்று தெரிந்துகொள்ள இன்னொரு இலையைக் கிள்ளுவாள். அதற்குள் அது போயிருக்கும்.

"உக்காந்து நிதானமா மோந்து பாருங்களேன் அண்ணி" என்பாள் நாத்தனார்.

"உக்கார எங்க நேரம்? பஸ் வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே அவள் வாசலைத் தாண்டியிருப்பாள்.